மருதமும் பாலையும்: மாலி நாட்டின் இரு கிதார்கள்

பெயரில் பிழை நேர்ந்துவிட்டால் அப்பெயரை வைத்துப் பேசும் பேச்சிலெல்லாம் அப்பிழை ஊறிவிடும். மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டின் வடபகுதியிலிருந்து எழுந்த கிதார் இசைக்கு மேனாட்டு இசைத்தட்டு வணிகர்கள் 'பாலைவன ப்ளூஸ்' என்று பெயர் சூட்டினர். ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப் பாட்டு மரபு. மாலியின் இசை அதனை ஒத்திருந்தமையாலும், ஸஹாராப் பெருமணல் அந்நாட்டின் வடபால் பரந்து கிடப்பதாலும் இரண்டு சொற்களையும் ஒட்டிவிட்டனர். அந்த ஒரே பெயரின் கீழ் அலீ ஃபர்கா தூரேயையும் இப்ராஹீம் அக் அல்ஹபீபையும் ஒரே வரிசையில் உட்கார வைக்கின்றனர். இருவரும் முஸ்லிம்கள்; இருவரும் மாலி நாட்டினர்; இருவரும் கிதாரோடு பாடி உலகப் புகழ் எய்தியவர்கள். ஆயினும் இருவர் விரல்களும் ஒரே மொழியைப் பேசவில்லை என்பதே நாம் இங்கு சொல்ல வந்தது.

மதரஸா ஆசிரியனுக்குக் கிதாரோடு என்ன உறவு என்று வினவுவோர் இருப்பர். நம் ஜமாஅத்திலேயே ஒரு பெரியவர் வினவிவிட்டார். உறவு இப்படி நேர்ந்தது: வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர், தம் அறைத்தோழரான மாலி நாட்டவர் மூலம் இவ்விசையை அறிந்து, சில ஒலிப்பதிவுகளை நமக்கு அனுப்பிவைத்தார். 'உஸ்தாத், பாடுகிறவர் நம்மவர். கேட்டுப் பாருங்கள்' என்பதே அவர் எழுதியிருந்த குறிப்பு. நம்மவர் என்ற அச்சொல் நம்மைக் கேட்கத் தூண்டியது. அதே சொல் சிறிது காலம் நம் செவியை அடைத்தும் வைத்திருந்தது.

எப்படியெனில், கிதார் என்றவுடன் நம் எழுத்தாளர்களுக்கு ஒரு பெருமிதம் வந்துவிடும். ஐரோப்பாவின் நரம்பிசை முழுவதும் அல்ஊத் என்னும் அரபுக் கருவியின் பிள்ளை என்றும், குர்துபாவுக்கு வந்த ஸிர்யாப் அதற்கு ஐந்தாம் நரம்பு பூட்டினார் என்றும், ஆகவே கிதார் நம் வீட்டுச் சொத்தே என்றும் எழுதித் தள்ளுவோம். நாமும் அவ்வாறு எழுதியிருக்கிறோம். அல்ஊத் என்ற சொல்லே ஐரோப்பிய மொழிகளில் லூட் ஆயிற்று என்பது மெய். அல்கிந்தி அக்கருவியின் நான்கு நரம்புகளையும் பெயர் கூறி ஆராய்ந்தது மெய். ஆனால் கிதார் என்னும் பெயரின் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. அரபியின் கீதாராவும் அங்கிருந்தே வந்தது. அல்ஊதின் கழுத்தில் மெட்டுகள் இல்லை. கிதாரின் கழுத்தில் உண்டு. அன்றியும், மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கிதார் வந்தது அந்தலூஸிலிருந்து அன்று. பிற்காலத்து ஐரோப்பியரின் வாயிலாக. கருவியின் வமிசாவளியை ஓதிக்கொண்டிருக்கும் வரையில் அதை வாசிக்கும் கை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்தக் கையைப் பார்ப்போம். அலீ 1939ஆம் ஆண்டு, திம்புக்து வட்டாரத்தில் நைஜர் ஆற்றங்கரைச் சிற்றூரொன்றில் பிறந்தார். தாய் வயிற்றில் பத்தாவது ஆண்மகவு; பிழைத்தவற்றில் முதலாவது. ஃபர்கா என்பது அவர்கள் வழக்கில் கழுதையைக் குறிக்கும் சொல். பிள்ளைகள் தக்காத வீட்டில் பிறந்த குழந்தைக்கு இழிந்த பொருளின் பெயரை இட்டு மரணத்தின் கண்ணிலிருந்து மறைக்கும் வழக்கம் அங்கும் உண்டு போலும். பிச்சை என்றும் குப்பை என்றும் பெயர் தாங்கிய பெரியோர் நம் ஊர்களிலும் இருந்திருக்கின்றனரன்றோ? தம்மைக் கழுதையென்று அழைப்பதில் அவருக்கு வருத்தமில்லை. தம் முதுகில் எவரும் ஏறியதில்லை என்று மட்டும் சேர்த்துச் சொல்வாராம்.

அந்நாட்டில் இசை என்பது குலத்தொழில். புகழ்ப்பாடகர் குடியில் பிறந்தவரே பாட வேண்டும். உயர்குடியில் பிறந்தவர் நரம்பைத் தொடுவது குடும்பத்துக்கு இழிவு. அலீ அக்குலத்தவர் அல்லர். அவர் பன்னிரண்டு வயதளவில் கையிலெடுத்தது குர்கெல் என்னும் சிறு சுரைக்குடுக்கைக் கருவி. அதற்கு ஒரே நரம்பு. ஆற்றிலும் வெளியிலும் உறையும் ஜின்களை அழைப்பதற்கு உரியதென்று சோங்காய் மக்கள் அக்கருவியைக் கருதினர். அலீயின் பாட்டியாரே அச்சடங்குகளில் பேர் பெற்றவர். இந்நம்பிக்கை குறித்து நமக்கு உடன்பாடில்லை. தொழுகையாளியாகவே வாழ்ந்த அலீ அதனை எவ்வாறு தம் நெஞ்சில் இருத்திக்கொண்டார் என்பது அவருக்கும் அவருடைய இறைவனுக்கும் இடையிலுள்ளது. விமரிசகனுக்கு வேண்டுவது வேறொன்று. அந்த ஒற்றை நரம்பு அவர் விரலுக்கு என்ன கற்பித்தது?

தஜ்வீது பயிலும் பிள்ளைக்கு முதற்பாடம் மக்ரஜ்: எழுத்து எந்த இடத்திலிருந்து பிறக்கிறது என்பது. ஐன் தொண்டையின் நடுவிலிருந்து எழவேண்டும். அதைத் தமிழ் நாவால் அகரமாகச் சொல்லிவிட்டால் எழுத்தும் கெடும், பொருளும் கெடும். கை விரலுக்கும் மக்ரஜ் உண்டு என்பதை நாம் அலீயைக் கேட்டே அறிந்தோம். ஒரே நரம்பில் பழகிய விரலுக்கு, பல நரம்புகளை ஒருங்கே மீட்டிச் சுரக்கூட்டு எழுப்பும் ஐரோப்பிய முறையில் நாட்டமில்லை. அது ஒரு நரம்பின் மீதே நடக்கும். ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, மறுபடி மீட்டாமலே இடக்கை விரலைத் தட்டி அடுத்த சுரத்தை எழுப்பும். எழுப்பியதை இழுத்துவிட்டு மூன்றாவதைப் பறிக்கும். ஒரு தொடுகையில் மூன்று நான்கு சுரங்கள் சொட்டும். கீழே தடித்த நரம்பு ஒன்று மாறாமல் முழங்கிக்கொண்டிருக்கும். 1956இல் கினி நாட்டின் ஃபொதேபா கெய்தா கிதார் வாசிக்கக் கண்டு, குர்கெல்லில் அறிந்த பாட்டுகளையே அவர் கிதாருக்கு மாற்றத் தொடங்கினார். ஆறு நரம்பு கிடைத்தபோதும் ஒற்றை நரம்பின் ஒழுக்கத்தை அவர் கைவிடவில்லை. சொந்தக் கிதார் வாங்கியதோ 1968இல், பல்கேரிய நாட்டின் சோஃபியா நகரத்துக்குக் கலைவிழாவுக்குச் சென்றபோது. அதுவரை இரவல் கருவிதான்.

ஏறத்தாழ அக்காலத்தில்தான் பமாக்கோவில் ஒரு மாணவர் அவருக்கு அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரின் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார். ஜான் லீ ஹூக்கரின் கிதாரைக் கேட்டதும், இது எங்கள் பக்கத்து இசையாயிற்றே, இதை இவர் எங்கே பெற்றார் என்று அலீ வியந்தாராம். இச்செய்தியைத்தான் மேனாட்டார் தலைகீழாக்கி அவருக்கு 'ஆப்பிரிக்க ஹூக்கர்' என்ற பட்டத்தை அளித்தனர். பன்னிரண்டு ஆண்டு கிதார் பழகிய பின்னர் கேட்ட ஒருவரை ஆசானாக்குவது என்ன நியாயம்? ஒற்றுமை இருப்பது உண்மை. இருவரும் சுரக்கூட்டை மாற்றாமல் ஒரே இடத்தில் நின்று வாசிப்பவர்கள். ஆனால் ஹூக்கர் தம் காலால் தரையை உதைத்துத் தாளத்தை வைத்துக்கொண்டு, பாட்டின் அடியை விரும்பிய இடத்தில் நீட்டுவார், குறைப்பார்; கோபம் கொண்ட மனிதன் பேச்சை நிறுத்துவதுபோல் நிறுத்துவார். அலீயின் சுழற்சி உடைவதில்லை. ஹம்மா ஸங்காரே கவிழ்த்த சுரைக்குடுக்கையில் தட்டிக்கொண்டிருக்க, கிதாரின் சிறு தொடரொன்று நீர்ச்சுழிபோல் வந்த இடத்துக்கே வந்து சேரும். ஒருவரிடம் முறிவு, மற்றவரிடம் ஒழுக்கு. செவியுடையார் இதனைக் கேட்டறியலாம்.

ப்ளூஸின் பல கூறுகள் இஸ்லாம் பரவிய மேற்கு ஆப்பிரிக்க ஸாஹில் பகுதியிலிருந்து அடிமைகளோடு கடல் கடந்தவை என்று இசையாய்வாளர் கெர்ஹார்ட் கூபிக் 1999இல் வெளிவந்த தம் நூலில் வாதிடுகிறார். பாங்கோசையின் நீண்ட அலைவை மிஸ்ஸிஸிப்பித் தொழிலாளரின் கூவலில் கேட்போரும் உளர். இது கருதத்தக்க வாதம். ஆனால் விலங்கிட்டுக் கடத்தப்பட்டவர்களின் பாட்டை நம் பெருமிதக் கணக்கில் வரவு வைப்பதற்கு நமக்கு உரிமையில்லை. வமிசாவளி நோய் வேறு வழியாகத் திரும்பி வந்துவிடக்கூடாது.

ஒலித்தொகுப்புகளுள் 1994இல் அமெரிக்கக் கிதார்க் கலைஞர் ரை கூடருடன் இணைந்து அளித்த 'டாக்கிங் திம்புக்து' மிகவும் புகழ் பெற்றது. கிராமி விருதும் பெற்றது. நமக்கு அது இரண்டாம் தரமே. கூடர் மரியாதை தெரிந்த விருந்தாளி. குறை சொல்ல இயலாது. ஆயினும் அலீ மூச்சு விடும் இடங்களிலெல்லாம் விருந்தாளியின் நரம்பு நழுவி வந்து அமர்ந்துகொள்கிறது. வக்ஃபு செய்ய வேண்டிய இடத்தில் மற்றொருவர் ஓதத் தொடங்குவது போன்றது அது. 1999இல் வெளிவந்த 'நியாஃபுங்கே'யை எடுத்துக்கொள்க. வெளிநாடு செல்ல மனமின்றித் தம் ஊரிலேயே கைவிடப்பட்ட வேளாண்மைக் கூடமொன்றில், மின்னாக்கி வைத்து, அக்கம்பக்கத்துத் தோழர்களுடன் பாடியது. அங்கே இடைவெளிகள் இடைவெளிகளாகவே விடப்பட்டுள்ளன. 'அல்லாஹ் உயா' என்னும் பாட்டில் கிதார் சொல்லுக்கு முன்னே ஓடவுமில்லை, பின்னே இழுபடவுமில்லை. தோளோடு தோள் நிற்கும் ஸஃப்பு அது.

அவர் தம்மை உழவர் என்றே கூறிக்கொண்டார். நைஜர் ஆறு கிளை கிளையாய்ப் பிரிந்து வெள்ளம் பரப்பும் நிலத்தில் அவருக்கு நெல் வயல்கள் இருந்தன. 2004இல் நியாஃபுங்கேயின் நகரத் தலைவராகி, கைப்பணத்தைச் செலவிட்டுச் சாலையைச் செப்பனிட்டார். கழிவுநீர் வாய்க்கால் வெட்டினார். அவருடைய இரு தொகுப்புகளின் பெயர்கள் 'ஆறு', 'ஊற்று' என்று பொருள்படுவன. இவரையா பாலைவனத்தவர் என்பது? நீரும் நெல்லும் உள்ள நிலத்தை நம் இலக்கணம் மருதம் என்று வகுத்தது. அலீ ஃபர்கா தூரே மருத நிலத்துக் கலைஞர். அவருடைய ஒழுக்கு ஆற்றின் ஒழுக்கு.

பாலையின் கலைஞர் இப்ராஹீம் அக் அல்ஹபீப். தவாரிக் இனத்தவர், அல்ஜீரிய எல்லையை அடுத்த மேட்டுப் புலத்தில் பிறந்தவர். 1963ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது, நாலு வயதுப் பிள்ளையாயிருக்கையில், தந்தை கொல்லப்படுவதைக் கண்டவர். அகதிகளோடு அல்ஜீரியப் பக்கம் அலைந்தார். 1980 அளவில் லிபியாவின் படைப்பயிற்சி முகாம்களில் தம் போன்ற இளைஞருடன் தங்கினார். அங்கே வளர்ந்ததே தினாரிவென் குழு. வெற்று நாடாவைக் கொண்டுவந்தவருக்கெல்லாம் பாட்டைப் பதிந்து கொடுத்து அனுப்பினர். நாடாக்கள் ஒட்டகத்திலும் லாரியிலும் ஸஹாரா முழுதும் சுற்றின.

இவர்களுடைய இசைக்கு அவர்களே இட்ட பெயர் அஸ்ஸூஃப். தனிமை, ஏக்கம், இழந்ததை நினைந்து வருந்துதல், நெருப்பு வெளிச்சத்துக்கு அப்பாலுள்ள வெளி இவை யாவும் அதன் பொருள் என்பர். பாலைத் திணைக்கு உரிப்பொருள் பிரிவு என்று வகுத்த நம் முன்னோரிடம் இச்சொல்லைக் கொடுத்திருந்தால் விளக்கவுரையே தேவைப்பட்டிராது. வாசிப்பும் அதற்கேற்றதே. இப்ராஹீமின் கிதாரில் சொட்டும் சுரங்கள் இல்லை. கட்டைவிரல் ஒரு தாழ்ந்த நரம்பை விடாது தட்டிக்கொண்டிருக்கிறது, மேலே நாலைந்து சுரங்களுள்ள குறுந்தொடர் ஒன்று எழும், பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தைக் கைத்தட்டும் மற்றொரு கிதாரும் பெண்களின் குலவையும் வந்து தாங்குகின்றன. அலீயிடம் ஒருவரே ஆறாக ஓடுவார். இங்கே ஒருவர் விட்ட அடியை மற்றொருவர் எடுத்து வைத்து நடக்கிறார்கள். வெற்று வெளியில் கூட்டமாகச் செல்பவர்களின் நடை அது. தவாரிக் பெண்டிர் வாசிக்கும் இம்ஸாத் என்னும் ஒற்றை நரம்புக் கருவியின் இழுப்பும் அவர் குரலில் கேட்கிறது. அதுவும் ஒற்றை நரம்பே. ஆனால் மக்ரஜ் வேறு.

இப்ராஹீம் சிறுவனாயிருந்தபோது திரைப்படமொன்றில் கிதாரைக் கண்டு, தகர டப்பாவில் ஒரு குச்சியைச் செருகி, மிதிவண்டியின் தடைக்கம்பியைக் கட்டித் தமக்கொரு கருவி செய்துகொண்டாராம். இதைப் படித்த அன்று நாம் மேற்கொண்டு படிக்கவில்லை. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நம் விடுதியில் தங்கி ஓதிய பையன் ஒருவன் பால்மாவு டப்பாவில் கம்பி கட்டி, இஷாவுக்குப் பின் போர்வைக்குள் மீட்டிக்கொண்டிருந்தான். நாம் அதைப் பிடுங்கிச் சமையற்கட்டில் கொடுத்துவிட்டோம். டப்பா உப்பு போட்டு வைக்க உதவியது. அவன் அழவில்லை. என்ன மீட்டினான் என்று ஒரு கணம் நின்று கேட்டிருந்தால் நம் ஆசிரியப் பணிக்கு என்ன குறைந்திருக்கும்? ஓசை வந்தது என்பது நினைவிருக்கிறது. எப்படிப்பட்ட ஓசை என்பது நினைவில் இல்லை.

தினாரிவென்னின் தொகுப்புகளுள் கிதால் நகரத்து வானொலி நிலையத்தில் பதிந்து 2001இல் வெளிவந்த முதலாவதும், 2011இல் வெளிவந்த 'தஸிலி'யும் நம் தெரிவு. பின்னது மின்கிதாரை நீக்கிவிட்டுக் கூடாரங்களில் அமர்ந்து பாடியது. இதற்கும் கிராமி கிடைத்தது. இங்கும் அமெரிக்க விருந்தாளிகள் சிலர் உண்டு, நல்லவேளையாக மிகுதியாய் இல்லை. நைஜர் நாட்டின் பொம்பினோவும் ம்தூ மொக்தாரும் இவ்வழி வந்த இளையோர். விரைவு மிக்கவர்கள். அவ்விரைவு அஸ்ஸூஃபுக்கு உதவுகிறதா என்பதில் நமக்கு ஐயமுண்டு.

2012ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. அவ்வாண்டு ஏப்ரலில் வட மாலி ஆயுதக் குழுக்களின் கையில் வீழ்ந்தது. திம்புக்துவின் பழைய அடக்கத்தலங்கள் இடிக்கப்பட்டன. அரபுக் கையெழுத்துச் சுவடிகளைப் பெட்டி பெட்டியாக மறைத்துப் பமாக்கோவுக்குக் கடத்தவேண்டியதாயிற்று. ஆகஸ்டில் இசைக்குத் தடை வந்தது. வானொலிகள் பாட்டை நிறுத்தின. இசைவாணர் ஊரைவிட்டு ஓடினர். 2013 ஜனவரியில் தினாரிவென் குழுவின் ஒருவர் தம் கிதார்களைக் காக்க முயன்றபோது பிடிபட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டார். இவை யாவும் மார்க்கத்தின் பெயரால் நடந்தன.

நரம்புக் கருவிகள் ஆகா என்பது நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மையோர் கொண்ட முடிவு. அதனை மறைத்து எழுதுவது நேர்மையன்று. இப்னு ஹஸ்ம் அதற்கு மாறுபட்டார். பிற்காலத்தில் அப்துல் கனீ அந்நாபுலுஸீ (ரஹ்) ஆகுமென்று தனி நூலே எழுதினார். நாம் இங்கு ஃபத்வா கூற அமரவில்லை. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் முறையை மட்டும் நினைவூட்டுவோம். இஹ்யாவில் இதற்கென ஒரு தனிப் பகுதியை அவர்கள் எழுதினார்கள். தலைப்பில் வைத்த சொல் ஸமாஉ, அதாவது கேட்டல். இனிய ஓசை ஓசையென்பதனாலேயே விலக்கப்படவில்லை என்று படிப்படியாக நிறுவுகிறார்கள். குயிலின் குரலிலிருந்து தொடங்கினால் எந்தப் படியில் விலக்கல் வருகிறது என்று தேடுகிறார்கள். பின்னர் நரம்புக் கருவிகளை விலக்கத்தான் செய்கிறார்கள்; ஆனால் காரணம் அவற்றின் இன்பமன்று, அவை அக்காலத்துக் குடிகாரர் அவையின் அடையாளமாய் இருந்தமை என்று தெளிவாகச் சொல்கிறார்கள். தீர்ப்பு கடுமையானதுதான். ஆயினும் கேட்டறிந்து, காரணம் காட்டி, எல்லை வகுத்து அளித்த தீர்ப்பு. துப்பாக்கியோடு வந்து வானொலிப் பெட்டியை உடைத்தவர்களுக்கும், உப்பு டப்பா வேண்டியிருந்த நமக்கும் அவ்விமாமோடு என்ன உறவு?

தடைக்குத் தப்பிப் பமாக்கோவில் கூடிய இளைஞர் சிலர் அங்கேயே ஒரு குழு அமைத்தனர். ஸோங்காய் ப்ளூஸ் என்று பெயர். அதன் கிதார்க் கலைஞர் கர்பா தூரேயின் தந்தையார், அலீ ஃபர்காவின் குழுவில் தாளம் வாசித்தவர். 2015இல் வந்த அவர்களுடைய தொகுப்பின் பெயர் 'நாடு கடந்த இசை' என்ற பொருளுடையது. ஆற்றங்கரைச் சுழற்சி அதில் இருக்கிறது. ஆனால் வேகம் இரு மடங்கு, மின்னொலி மிகுதி. ஆறு அணையை மீறியபின் அப்படித்தான் ஓடும் போலும். அலீயின் மகன் வியூ ஃபர்காவும் வாசிக்கிறார். திறமை குறைவில்லை, தந்தையின் தொடரையே சுற்றும்போதுதான் நமக்குப் பிடிக்கிறது. இது நம் வயதின் குற்றமாகவும் இருக்கலாம்.

அலீயின் இறுதிக் காலப் பதிவு ஒன்று உண்டு. பமாக்கோவில் ஆற்றங்கரை விடுதியொன்றில், இருபத்தொரு நரம்புள்ள கோரா என்னும் கருவியில் பெயர் பெற்ற தூமானி தியாபத்தேயுடன் ஒத்திகையின்றி அமர்ந்து வாசித்தது. 2005இல் 'இன் த ஹார்ட் ஆஃப் த மூன்' என்ற பெயரில் வெளிவந்தது. தூமானி பல தலைமுறைப் பாடகர் குலத்தவர். அலீயோ அக்குலத்தில் பிறவாதவர். கோரா மேலே பொழிந்துகொண்டிருக்க, அலீ தம் ஒழுக்கைச் சுருக்கி, கீழே மூன்று நான்கு சுரங்களை மாறிமாறி வைத்துக்கொண்டு தோழருக்கு நிலமாக இருக்கிறார். அறுபத்தைந்து வயதளவில், உலகப் புகழோடு, பின்னணியில் நின்று வாசிக்க அவர் இசைந்தார். அதற்கும் கிராமி விருது அறிவிக்கப்பட்டது. சில வாரங்களில், 2006 மார்ச்சில், அவர் மறைந்தார். தூமானி 2024 ஜூலையில் காலமானார். அவ்விருவரையும் நாம் நேரில் கேட்டதில்லை.

எதை முதலில் கேட்கவேண்டும் என்று அம்மாணவர் அண்மையில் எழுதிக் கேட்டிருந்தார். 'நியாஃபுங்கே'யை அதிகாலையிலும் 'தஸிலி'யை இரவிலும் கேளும், இரண்டையும் ஒரே நாளில் கேளாதீர் என்று பதில் எழுதினோம். அவருடைய மாலி நாட்டு அறைத்தோழர் எந்த நிலத்தவர், ஆற்றங்கரையா, மணற்புறமா என்றும் வினவியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.